ஃபாமிகாம் கேட்கும் முதல் கேள்வி

கார்ட்ரிட்ஜ் செருகாமல் ஃபாமிகாமின் சுவிட்சைத் தள்ளினால் திரையில் உருப்படியாக எதுவும் வராது. பெயர்ப் படம் இல்லை, மெனு இல்லை, "கேம் போடுங்கள்" என்று ஒரு வரிகூட இல்லை. 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் ஜப்பானியக் கடைகளுக்கு வந்த அந்தச் சிவப்பு வெள்ளை நிண்டெண்டோ கேம் பெட்டிக்குச் சொந்தமாக ஒரு வரி நிரலும் கிடையாது. மின்சாரம் பாய்ந்ததும் அதன் சிபியு 65,532, 65,533 என்ற இரண்டு முகவரிகளைப் படிக்கும். எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு விடை அங்கேதான் எழுதியிருக்க வேண்டும். அந்த இரண்டு முகவரிகளும் பெட்டிக்குள் இல்லை, கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கின்றன.

எஸ்டி கார்டில் இருக்கும் கேம்களைப் பழைய பெட்டியில் ஓடவைக்கும் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜின் அழகு எனக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. இதைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையைச் சொல்வார்கள்: ஒரே கார்டில் ஆயிரம் கேம் என்று. அதில் வியக்க ஒன்றுமில்லை. ஃபாமிகாமுக்கென்று வந்த கேம்கள் அனைத்தையும் சேர்த்தாலும் இன்றைய எஸ்டி கார்டின் ஒரு மூலையில் அடங்கிவிடும். வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. நாற்பது ஆண்டுப் பழசான ஒரு சிபியு நொடிக்கு ஏறத்தாழ 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்புகளில் ஓடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஏதோ ஒரு முகவரியைக் கேட்கிறது, அல்லது ஏதோ ஒன்றை எழுதுகிறது. எதிரே இருப்பது 1985-இல் வார்த்த பலகைதான் என்று அது கடைசிவரை நம்பும்படி, நேரம் தப்பாமல் விடை வந்துகொண்டே இருக்கிறது. கிரிக்ஸ் என்ற பெயரில் அறியப்படும் உக்ரைன் பொறியாளர் உருவாக்கிய எவர்டிரைவ் என்8 புரோ இப்படிப்பட்ட ஒன்று. அதை ஃபாமிகாமில் அமைப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் அந்தச் சின்ன வேலையின் ஒவ்வொரு படியிலும் நின்று பார்க்க ஒரு நுணுக்கம் இருக்கிறது.

முதலில் கையில் படுவது விளிம்பு. ஃபாமிகாம் கார்ட்ரிட்ஜுக்கு 60 முனைகள், பக்கத்துக்கு முப்பது. நிண்டெண்டோவின் மூலப் பலகைகள் 1.2 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. இன்று எங்கும் மலிவாகக் கிடைக்கும் பலகைகள் 1.6 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டரை எட்டாத வித்தியாசம்தான். ஆனால் தடித்த பலகையை அடிக்கடி செருகினால் பெட்டிக்குள் இருக்கும் பிடிகள் விரிந்துபோகும், பிறகு மூலக் கார்ட்ரிட்ஜ்கள் தளர்வாக உட்காரும். அதனால் நல்ல ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜை வாங்கியதும் நான் பார்ப்பது தடிமனையும் விளிம்பையும்தான். பலகையின் அடிவிளிம்பைச் சரிவாகச் சீவியிருப்பார்கள், தங்க முலாம் முனை நுனிவரை உரியாமல் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட பலகை செருகும்போது உரசாமல் ஒரே சீராக இறங்கும். வெளியே எடுக்க ஃபாமிகாமின் முதுகில் ஒரு நெம்புகோல் உண்டு. அது தேவையே இல்லை, கையால் இழுத்தாலே கார்ட்ரிட்ஜ் வந்துவிடும். பெட்டியை வடிவமைத்த மசாயுகி உவெமுரா, தள்ளி விளையாடப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதற்காகவே அதை வைத்தார். ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் வந்த பிறகு இந்த நெம்புகோலுக்கு வேலை குறைந்துவிட்டது என்பது ஒன்றுதான் எனக்குச் சிறு குறை.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நுணுக்கமும் இந்தப் பலகையில் உண்டு. ஃபாமிகாம் பேசுவது 5 வோல்ட்டில். இன்றைய நினைவகச் சில்லுகளும், உள்சுற்றை வேண்டியபடி மாற்றியமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ என்ற சில்லும் பேசுவது 3.3 வோல்ட்டில், அல்லது அதற்கும் கீழே. இரண்டையும் நேரடியாக இணைத்தாலும் பெரும்பாலும் ஓடும், அதுதான் ஆபத்து. அடுத்தடுத்து இரு தரப்பும் ஒரே கம்பியை வெவ்வேறு அழுத்தத்துக்கு இழுக்கும்போது, தன் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் தாங்க வேண்டியிருப்பது பழைய சில்லு. அந்தச் சில்லு இன்று எங்கும் புதிதாக உற்பத்தியாவதில்லை. ஆகவே அக்கறையோடு செய்தவர்கள் நடுவே மின்னழுத்தத்தை மாற்றித் தரும் சில்லுகளை வரிசையாக வைப்பார்கள். ஓட்டைத் திறந்தால் முனைகளுக்கும் எஃப்பிஜிஏ-வுக்கும் இடையில் அந்தச் சின்னக் கறுப்புச் சில்லுகளின் வரிசை தெரியும். அவற்றால் கேம் கூடுதலாக எதுவும் செய்யப்போவதில்லை. பழைய பெட்டி நீண்ட நாள் வாழ வேண்டும் என்பதற்காக மட்டும் செய்த செலவு அது. விலைப்பட்டியலில் எங்கும் தனியாகத் தெரியாத செலவு.

மின்சாரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபாமிகாமின் அடாப்டர் 10 வோல்ட் நேர்மின்னோட்டம் தருவது, அதிலும் முனையின் நடுப்பகுதி எதிர்மின். ஃபாமிகாமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ்-இன் அடாப்டர் தருவதோ 9 வோல்ட் மாறுமின்னோட்டம். அதை ஃபாமிகாமில் மாட்டவே கூடாது. ஜப்பானிய அடாப்டரை நம் ஊர் 230 வோல்ட் சுவரில் நேரடியாகச் செருகுவதும் கூடாது.

எஸ்டி கார்டைத் தயாரிப்பது எளிது. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும். 64 ஜிபி கார்டுகள் கடையிலிருந்து வரும்போது எக்ஸ்ஃபேட்டில் இருக்கும், ஆகவே 32 ஜிபிக்குள் ஒன்றை எடுத்துக்கொள்வது நிம்மதி. கார்ட்ரிட்ஜுக்கான இயக்க ஃபோல்டரை அப்படியே கார்டின் வேரில் போட வேண்டும். அதற்குள் மேப்ஸ் என்று ஓர் உள் ஃபோல்டர் உண்டு. பெரும்பாலோர் திறந்துகூடப் பார்க்காத ஃபோல்டர் அது. எனக்கு மொத்தக் கார்டிலும் மிகப் பிடித்த இடம் அதுதான், ஏனென்றால் அதில் இருப்பவை கேம்கள் இல்லை, மின்சுற்றுகள். ஒரு காலத்தில் தொழிற்சாலையில் சிலிக்கனில் பொறித்து, பலகையில் பற்றவைத்து, ஓட்டுக்குள் மூடி விற்ற சுற்று ஒவ்வொன்றும் இங்கே ஒரு கோப்பாக இருக்கிறது. நாம் ஒரு கேமைத் தேர்ந்தெடுத்ததும் அதற்குரிய சுற்றுக் கோப்பு எஃப்பிஜிஏ-வுக்குள் இறங்கும். எஃப்பிஜிஏ அந்த நொடியிலிருந்து அந்தச் சுற்றாகவே ஆகிவிடும்.

இறங்கும் அந்தச் சிறு இடைவெளியை யோசித்துப் பாருங்கள். எஃப்பிஜிஏ தன்னைக் கலைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது கார்ட்ரிட்ஜ் பக்கத்திலிருந்து எந்த விடையும் வராது. சிபியு-வோ நிற்காது. அது அடுத்த கட்டளையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். வெறும் கம்பியிலிருந்து குப்பையைப் படித்தால் அங்கேயே நிலைகுலைந்துவிடும். ஆகவே மெனு நிரல் தான் விலகுவதற்கு முன் ஒரு காரியம் செய்கிறது. ஃபாமிகாமுக்குள் சொந்தமாக இருக்கும் 2 கேபி நினைவகத்தில் சில கட்டளைகளை எழுதி வைத்துவிட்டு, சிபியு-வை அங்கே தாவச் சொல்கிறது. திரை கறுத்திருக்கும் அந்தச் சில கணங்களில் சிபியு தன் சொந்த நினைவகத்துக்குள்ளேயே ஒரு குறுகிய வளையத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். வெளியே புதிய கார்ட்ரிட்ஜ் தயாரானதும், 65,532-ஆம் முகவரியில் புதிய விடை காத்திருக்கும். பெட்டியின் மிகச் சிறிய சொத்தான அந்த 2 கேபி, கார்ட்ரிட்ஜே இல்லாத நேரத்தில் பெட்டியைத் தாங்கிப் பிடிக்கிறது. இதை முதலில் புரிந்துகொண்டபோது, மெனுவில் கேமைத் தட்டியதும் வரும் அந்தக் கறுப்புத் திரையை வேண்டுமென்றே மறுபடி மறுபடி வரவழைத்துப் பார்த்தேன்.

எந்தச் சுற்று இறங்க வேண்டும் என்று கார்ட்ரிட்ஜுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு கேம் கோப்பின் தலையிலும், சுற்றின் எண்ணையும் சொல்லும் 16 பைட் குறிப்பு ஒன்று ஒட்டியிருக்கும். மராட் ஃபைசுல்லின் என்பவர் 1990-களில் ஐநெஸ் என்ற தம் எமுலேட்டருக்காக வகுத்த முறை அது. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, முதல் எட்டு எண்களை நாம் எண்ணும் பத்தடிமானத்தில் படித்தால் இப்படி இருக்கும்: 78, 69, 83, 26, 2, 1, 1, 0. முதல் மூன்றும் என்இஎஸ் என்ற பெயரின் எழுத்துக்கள், நான்காவது ஒரு முற்றுக்குறி. ஐந்தாவதான 2, நிரல் பகுதியில் 16 கேபி துண்டுகள் இரண்டு என்கிறது. ஆறாவதான 1, படப் பகுதியில் 8 கேபி துண்டு ஒன்று என்கிறது. ஆக மொத்தம் 40 கேபி. அந்த 32 கட்டங்களும், மேகத்தையும் புதரையும் ஒரே வடிவத்தில் வரைந்து நிறத்தை மட்டும் மாற்றிய அந்தச் சிக்கனமும் இந்த 40 கேபிக்குள்தான்.

ஏழாவது இடத்தில் நிற்கும் 1-ஐத்தான் நான் நின்று பார்க்கச் சொல்வேன். ஃபாமிகாமில் திரைப் பின்னணிக்கென்று இருக்கும் நினைவகம் இரண்டு திரைகளுக்குத்தான் போதும். அவை பக்கம் பக்கமாக இருக்கின்றனவா, மேலும் கீழுமாக இருக்கின்றனவா என்பதைத் தீர்மானிப்பது பெட்டி இல்லை, கார்ட்ரிட்ஜ். அந்தக் காலப் பலகைகளில் இதற்காகவே இரண்டு பற்றவைப்புப் புள்ளிகள் விட்டிருப்பார்கள். தொழிற்சாலையில் ஒன்றின் மேல் ஈயச் சொட்டு வைத்து மூடினால் பக்கவாட்டுக் கேம், மற்றதை மூடினால் மேல்கீழ்க் கேம். வலப்புறமாக ஓடும் மாரியோவுக்குப் பக்கம் பக்கமாகத் திரைகள் வேண்டும். கியோட்டோ நிறுவனம் ஒன்றின் பலகையில் என்றோ வைத்த அந்த ஈயச் சொட்டுதான் இந்தக் கோப்பில் 1 என்று உட்கார்ந்திருக்கிறது. அதை 0 ஆக்கி ஏற்றிப் பாருங்கள். மாரியோ ஓடுவார், ஆனால் இனிமேல் வர வேண்டிய குழாயும் செங்கல்லும் இப்போது கண்முன் இருக்கும் காட்சியின் மேலேயே பத்திபத்தியாக வந்து விழும்.

படம் இப்படிக் கார்ட்ரிட்ஜின் கையில் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஃபாமிகாமின் 60 முனைகளில் ஓடுவது ஒரு பாதை அன்று, இரண்டு. ஒன்று சிபியு நிரலைப் படிக்கும் பாதை. மற்றது படம் வரையும் பிபியு என்ற சில்லு தன் படத் துண்டுகளைப் படிக்கும் பாதை. திரையில் ஒரு கோடு வரைய ஏறத்தாழ 63.5 மைக்ரோ நொடி ஆகும். அந்தக் கோடு வரையும்போதே பிபியு கார்ட்ரிட்ஜிடம் கேட்டுக் கேட்டு வரைகிறது. முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்ள அதற்கு இடம் கிடையாது. எஸ்டி கார்டால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதால்தான் கேம் முழுவதும் முதலில் கார்ட்ரிட்ஜின் வேக நினைவகத்துக்கு ஏறிவிடுகிறது. கார்டின் வேலை அதோடு முடிந்தது.

நுணுக்கத்தின் உச்சிக்கு இப்போது வருகிறேன். 1988 அக்டோபரில் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3-ஐ ஏற்றிவிட்டு திரையின் அடியைப் பாருங்கள். மேலே உலகம் இடமும் வலமும் மேலும் கீழுமாக ஓடும். அடியில் மதிப்பெண், நேரம், மிச்ச உயிர்கள் எழுதிய பட்டை ஆடாமல் அசையாமல் நிற்கும். ஃபாமிகாமில் பின்னணி என்பது ஒரே அடுக்கு, உருட்டினால் முழுவதும் உருளும். பட்டை நிற்க வேண்டுமானால், பிபியு அந்தக் கோட்டை எட்டும் சரியான கணத்தில் யாராவது சிபியு-வைத் தட்டி எழுப்பி உருட்டலை மாற்றச் சொல்ல வேண்டும். கோடுகளை எண்ணும் வசதி ஃபாமிகாமுக்குள் இல்லை. எண்ணியது கார்ட்ரிட்ஜுக்குள் இருந்த எம்எம்சி3 என்ற சில்லு.

எப்படி எண்ணியது என்பதில்தான் கைத்திறன். கோடு எண் இன்னது என்று பிபியு யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் அது படத் துண்டுகளைக் கேட்கும் முகவரிக் கம்பிகள் கார்ட்ரிட்ஜுக்கு வருகின்றன. அவற்றில் 4,096 என்ற இடமதிப்பைச் சுமக்கும் கம்பி ஏ12. பின்னணிக்கான துண்டுகளை முதல் 4 கேபியிலும், மாரியோ, ஆமை போன்ற நடமாடும் உருவங்களுக்கான துண்டுகளை அடுத்த 4 கேபியிலும் வைத்துவிட்டால், ஒவ்வொரு கோட்டிலும் பின்னணியை வாசிக்கும் நேரம் முழுக்க ஏ12 தாழ்ந்தே இருக்கும். அது முடிந்து உருவங்களை வாசிக்கத் தொடங்கும்போது உயரும். ஆக ஏ12 உயர்ந்தால் ஒரு கோடு முடிகிறது என்று பொருள். எம்எம்சி3 அந்த ஒற்றைக் கம்பியில் கண் வைத்து, அது உயரும்போதெல்லாம் ஒன்று குறைத்துக்கொண்டே வந்து, பூச்சியத்தைத் தொட்டதும் சிபியு-வைத் தட்டும்.

ஆனால் சிக்கல் ஒன்று உண்டு. ஒரு கோட்டில் எட்டு உருவங்களுக்கான துண்டுகளை வாசிக்கும்போது, ஒவ்வோர் உருவத்துக்கும் முன்னால் பிபியு பயனற்ற வாசிப்பு இரண்டைச் செய்கிறது. அப்போது ஏ12 ஒரு கணம் தாழ்ந்து மீண்டும் உயரும். அதாவது ஒரு கோட்டுக்கு எட்டு உயர்வுகள். எட்டையும் எண்ணினால் பட்டை எங்கேயோ போய் நிற்கும். எம்எம்சி3 என்ன செய்கிறது? உயர்வுக்கு முன் ஏ12 எவ்வளவு நேரம் தாழ்ந்திருந்தது என்று பார்க்கிறது. உருவங்களுக்கு இடையிலான தாழ்வு ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவு, சிபியு-வின் துடிப்பில் ஒன்றரைகூட வராது. பின்னணி வாசிக்கும்போதான தாழ்வோ எண்பதுக்கும் மேற்பட்ட துடிப்புகள் நீளும். மூன்று துடிப்புக்குக் குறைவான தாழ்வுக்குப் பின் வரும் உயர்வை எண்ணாமல் விட்டுவிட்டால் போதும், கோட்டுக்கு ஒன்று என்ற கணக்கு தப்பாமல் வரும். எஃப்பிஜிஏ-வில் எம்எம்சி3-ஐ மறுபடி எழுதியவர் இந்த வடிகட்டலையும் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி அந்தப் பட்டைதான். அது ஒரு கோடுகூட நடுங்காமல் நிற்கிறது. பழைய பலகையின் இயல்பு முழுவதும் புரிந்தவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது.

ஒலிக்கு வருவோம். ஃபாமிகாமை விட்டு என்இஎஸ்-க்கு நான் போகாததற்கு ஒலி முக்கியமான காரணம். 60 முனைகளில் 45-ஆவது முனை வழியாக ஃபாமிகாமின் ஒலி கார்ட்ரிட்ஜுக்குள் வருகிறது. 46-ஆவது முனை வழியாகத் திரும்பிப் போய்த் தொலைக்காட்சியை அடைகிறது. சாதாரணக் கார்ட்ரிட்ஜில் இரண்டு முனைகளையும் ஒரு செப்புக் கோடு இணைத்துவிடும், அவ்வளவுதான். மாரியோ நாணயம் எடுக்கும் ஓசைகூடக் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சுற்று போய்விட்டுத்தான் நம் காதுக்கு வருகிறது. இப்படிச் சுற்ற வைத்ததன் பயனைக் கொனாமி போன்ற நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. 1989 டிசம்பரில் வந்த அகுமஜோ தென்செட்சு கார்ட்ரிட்ஜில் விஆர்சி6 என்ற சில்லு உண்டு. ஃபாமிகாமின் ஐந்து குரல்களோடு அது இன்னும் மூன்று சேர்க்கும்: இரண்டு சதுர அலை, ஒரு ரம்பப்பல் அலை. அந்த ரம்பப்பல் அலை தந்திக் கருவி போல அடியில் இழைந்து வரும். அமெரிக்காவில் இதே கேம் காசில்வேனியா 3 என்று வந்தபோது என்இஎஸ்-இன் 72 முனைகளில் இந்த ஒலிச் சுற்றுவழி இல்லை. சில்லும் மாறியது, மூன்று குரல்களும் போயின.

ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் இந்த மூன்று குரல்களையும் எஃப்பிஜிஏ-வில் உண்டாக்கி, 45 வழியே வந்த ஒலியோடு கலந்து, 46 வழியே அனுப்புகிறது. மெனுவில் கூடுதல் ஒலியின் அளவைத் தனியே ஏற்றி இறக்கும் வசதி உண்டு. பலர் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். என் யோசனை, அகுமஜோ தென்செட்சுவின் முதல் கட்ட இசையை ஓட விட்டுக்கொண்டு பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். ரம்பப்பல் அலை மேளத்தை மூடாமலும், மேளத்துக்கு அடியில் அமுங்கிப்போகாமலும் ஓரிடம் இருக்கிறது, அது காதுக்குத்தான் தெரியும். பிறகு சன்சாஃப்ட் 1992-இல் வெளியிட்ட கிம்மிக்கை ஏற்றுங்கள். அதன் 5பி சில்லின் குரல்கள் வேறு வகை மென்மை கொண்டவை. 1991-இல் வந்த லக்ராஞ்ச் பாயிண்டில் இருப்பதோ எஃப்எம் ஒலி. மூன்றும் மூன்று கார்ட்ரிட்ஜ்களில் அடைபட்டிருந்த மூன்று வாத்தியக் குழுக்கள்.

ஃபாமிகாமுக்கு 1986-இல் வந்த டிஸ்க் கருவியான டிஸ்க் சிஸ்டத்தின் கேம்களும் இதில் ஓடும். கார்டில் அதற்கான 8 கேபி தொடக்க நிரலையும் வைக்க வேண்டும். டிஸ்க் சிஸ்டம் காலத்தில் ஜப்பானியக் கடைகளில் டிஸ்க்கில் கேம் எழுதும் இயந்திரங்கள் இருந்தன. பழைய டிஸ்க்கைக் கொண்டுபோய் 500 யென் கொடுத்தால் அதை அழித்து வேறொரு கேமை எழுதித் தருவார்கள். நிண்டெண்டோ இந்தச் சேவையை 2003 வரை நடத்தியது. 1997-இல் லாசன் கடைகள் வழியே சூப்பர் ஃபாமிகாமுக்கு எழுதி அழிக்கும் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜையே விற்றது. இந்தப் பொருளை வெறும் திருட்டுக் கருவி என்று ஒதுக்குகிறவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதை ஏற்றுகிறோம் என்பது நம் பொறுப்பு. கையில் இருக்கும் மூலக் கார்ட்ரிட்ஜைப் படித்துக் கோப்பாக்கும் கருவிகள் கிடைக்கின்றன. இன்றும் புதிதாக ஃபாமிகாமுக்குக் கேம் எழுதி விற்பவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் மார்ஃப்கேட் கேம்ஸ் 2019-இல் வெளியிட்ட மைக்ரோ மேஜஸ் நான்கு பேர் சேர்ந்து ஆடக்கூடியது. அதுவும் சரியாக 40 கேபி. முதல் மாரியோவின் அதே வரம்பைத் தாங்களே விதித்துக்கொண்டு, அதற்குள் ஒரு கோபுரத்தையே கட்டியிருக்கிறார்கள். எவர்டிரைவில் அது ஏறும்போது அதன் தலைக்குறிப்பிலும் அதே 2, அதே 1.

ஆட்டத்தை எந்த நொடியிலும் நிறுத்திச் சேமிக்கும் வசதியை நான் அதிகம் பயன்படுத்துவதில்லை, ஆட்டத்தின் பதற்றத்தை அது எடுத்துவிடுகிறது. ஆனால் அது நடக்கும் விதத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. கார்ட்ரிட்ஜுக்குப் பெட்டியின் உள்ளே கை நீட்ட வழி இல்லை. நாம் எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்பதையே, சிபியு கட்டுப்படுத்தியைப் படிக்கும்போது தரவுக் கம்பியில் ஓடும் பிட்டுகளைக் கவனித்துத்தான் தெரிந்துகொள்கிறது. குறித்த கூட்டுப் பொத்தான் வந்ததும் காத்திருக்கும். திரை ஒருமுறை வரைந்து முடிந்ததும் சிபியு வழக்கமாக 65,530-ஆம் முகவரியில், அடுத்து எங்கே போக வேண்டும் என்று பார்க்கும். அந்த ஒரு முறை மட்டும் கேமின் விடைக்குப் பதிலாகக் கார்ட்ரிட்ஜ் தன் சொந்த நிரலின் முகவரியைக் கொடுக்கும். சிபியு எந்த ஐயமும் இல்லாமல் அங்கே போகும். அந்த நிரல் உள்நினைவகத்தை வாசித்துச் சேமிக்கும். ஆனால் பிபியு-வின் கட்டுப்பாட்டு இடங்கள் சில எழுத மட்டுமே கூடியவை, திருப்பிப் படிக்க முடியாதவை. அவற்றில் என்ன இருக்கிறது என்று எப்படி அறிவது? கேம் தொடங்கிய நொடியிலிருந்து அவற்றில் எழுதப்பட்ட ஒவ்வொன்றையும் எஃப்பிஜிஏ ஓரமாக நின்று குறித்துக்கொண்டே வந்திருக்கிறது. நாம் சேமிக்கக் கேட்காத நேரங்களிலும், ஒருபோதும் கேட்கப்போவதில்லை என்றாலும் குறித்துக்கொண்டே இருக்கிறது. ஒலிப் பகுதியின் உள் எண்ணிகள் எந்த இடத்தில் நின்றன என்பது மட்டும் வெளியே தெரியாது. அதனால் மீண்டும் தொடங்கும்போது ஒலி மிகச் சிறிதளவு முன்பின்னாக வரலாம்.

மேப்பர் எனப்படும் இந்தச் சுற்றுகளின் மூல நிரலைக் கிரிக்ஸ் பொதுவில் வைத்திருப்பதால், புதிய சுற்றுகளைப் பிறரும் எழுதிச் சேர்க்கலாம். இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1990-களில் பர்மா பஜாரிலிருந்து சிற்றூர்க் கடைகள் வரை விற்ற டிவி கேம் பெட்டிகள் ஃபாமிகாமின் நகல்கள்தான், அதே 60 முனைகள் கொண்டவை. அவற்றோடு வந்த மஞ்சள் கேசட்டில் 1200 இன் 1, 9999 இன் 1 என்று போட்டிருக்கும். திறந்தால் உள்ளே இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய கேம்களும் அவற்றின் திரும்பத் திரும்ப வரும் பெயர்களும். ஆனால் அந்தக் கேசட்டிலும் ஒரு மேப்பர் இருந்தது, அதுவும் நல்ல சிக்கனமான மேப்பர். நிண்டெண்டோவின் சில்லுகளுக்கு எந்தத் துண்டு வேண்டும் என்பதை ஒரு மதிப்பாக எழுதிச் சொல்ல வேண்டும். இந்த மலிவுக் கேசட்டுகளிலோ எந்த மதிப்பை எழுதுகிறோம் என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. எந்த முகவரியில் எழுதுகிறோம் என்பதே தேர்வு. முகவரிக் கம்பிகளின் நிலையை ஒன்றிரண்டு சாதாரண லாட்ச் சில்லுகள் பிடித்து வைத்துக்கொள்ளும், கேம் மாறிவிடும். பெயர் தெரியாத யாரோ ஒரு பொறியாளர் சில காசுகளை மிச்சப்படுத்த யோசித்த அந்த வழிக்கும் ஐநெஸ் வரிசையில் எண் கொடுத்திருக்கிறார்கள். 1200 இன் 1 கேசட்டின் எண் 227. வீட்டுப் பரணில் அப்படி ஒரு கேசட் இருந்தால் படித்துக் கோப்பாக்கி, தலைக்குறிப்பில் அந்த எண்ணைப் போட்டு, ஃபாமிகாமில் ஏற்றிப் பாருங்கள்.